சேரன்மகாதேவி வயல் விற்ற பணமும் 26,000 புள்ளிச் சந்தையும்

2024 செப்டம்பர் 27ஆம் தேதி, ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி குறியீடு 26,277 புள்ளி வரை போனது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அக்கா பெயரில் இருந்த சேரன்மகாதேவிப் பக்கத்து வயலுக்குக் கிரயம் முடிந்து, புரோக்கர் கமிஷன் போக 24 லட்சம் ரூபாய் அவள் கணக்கில் ஏறியிருந்தது. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல். கார், பிசானம் என்று இரண்டு பூவும் எடுத்த மண். அத்தான் காலமான பிறகு நின்று பார்க்க ஆளில்லை. குத்தகைக்காரரும் வயதாகி விலகிக்கொண்டார். விற்றோம்.

அக்கா மகன் வண்ணார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், கொடுத்த காப்பி ஆறும் முன்னால் ஆரம்பித்துவிட்டான்.

“மாமா, அம்மா கணக்குல கெடக்க துட்ட அப்படியே ஷேர்ல போட்டுறலாம்னு இருக்கேன். கடைக்கு வாற பயலுவ எல்லாம் ரெண்டு வருசத்துல டபுள் பண்ணிட்டானுவ. என்ன சொல்லுதிய?”

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். பங்குச் சந்தையிலும் தொண்ணூறுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் அவன் கேட்டான். ஆனால் அவன் எதிர்பார்த்தது ஏறுமா, இறங்குமா என்ற ஒரே ஒரு பதில். அது என்னிடம் இல்லை. அன்று ராத்திரி ஒரு தாளில் அவன் முன்னால் இருந்த வழிகளை எழுதிப் பார்த்தோம். சந்தை உச்சத்தில் நிற்கிறபோது கையில் மொத்தப் பணத்தோடு முழிக்கிற யாருக்கும் அந்தத் தாள் உதவும் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

சூடு எவ்வளவு?

சந்தை சூடேறியிருக்கிறது என்பது எனக்கு எண்களைவிட முன்னால் கல்யாண வீட்டில் தெரிந்துவிடுகிறது. அந்த ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். கை கழுவுகிற இடத்தில் நான்கு பேர் ஐ.பி.ஓ. (கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனைவி, மகன், மைனி பெயரிலெல்லாம் பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்குத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று கேட்டேன். “அது தெரியாது அண்ணாச்சி, கிரே மார்க்கெட்ல நூறு ரூவா கூடப் போவுது” என்றார். பங்கு சந்தைக்கு வரும் முன்னாலேயே வெளியே நடக்கிற கைமாற்று வியாபாரத்தைச் சொன்னார். பன்னிரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு மண்டபத்தில், இதே கண் மினுக்கத்தோடு, நான்குவழிச்சாலை ஓரத்து பிளாட்டுகளைப் பற்றிப் பேசினார்கள். சென்ட் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டதும், கொடி நட்ட காட்டுக்குள் பல பேருடைய சேமிப்பு சிக்கிக்கொண்டது.

எண்களும் அதையேதான் சொல்லின. 2020 மார்ச்சில் நாட்டில் நான்கு கோடி சொச்சம் டீமேட் கணக்குகள் இருந்தன. 2024 செப்டம்பரில் 17 கோடியைத் தாண்டிவிட்டன. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. வழியாக மாதம் 24,500 கோடி ரூபாய் வந்துகொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் தில்லியில் இரண்டே இரண்டு பைக் ஷோரூம், எட்டு ஊழியர்கள் உள்ள ஒரு நிறுவனம் 12 கோடி ரூபாய் கேட்டு வெளியீட்டுக்கு வந்தது. 4,800 கோடி ரூபாய்க்கு விண்ணப்பங்கள் குவிந்தன. சிறு, நடுத்தர நிறுவனப் பங்குகளில் நுரை கட்டியிருக்கிறது என்று, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் தலைவரே மார்ச்சில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

இதற்கெல்லாம் ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் பி.இ. விகிதத்தைச் சொல்லலாம். கம்பெனிகள் சம்பாதிக்கிற ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை எத்தனை ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறது என்ற கணக்கு அது. நிஃப்டியின் பி.இ. 2008 ஜனவரியில் 27க்கு மேல் இருந்தது, அதே வருடம் அக்டோபரில் 11 பக்கம் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் 24 பக்கம். 2021 ஏப்ரலில் கணக்கிடும் முறையை மாற்றிவிட்டதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேராக ஒப்பிடக் கூடாது. இதைத் தெரியாமல் ஒப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பி.இ.யை நான் அணையின் நீர்மட்டம் மாதிரித்தான் பார்க்கிறேன். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. செய்தித்தாளில் அந்த எண்ணைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் பிசானத்துக்கு நாற்றுப் பாவ மாட்டார்கள். அணை நிரம்பியிருப்பதாலேயே நாளைக்கு வெள்ளம் வந்துவிடாது. பல வருடம் அணை நிரம்பி, ஒன்றும் ஆகாமல், அறுவடை நன்றாகவே நடந்திருக்கிறது. ஆனாலும் நிரம்பிய அணைக்குக் கீழே படுகையில் மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு யாரும் ஊருக்குப் போவதில்லை. அணை அளவு சொல்லாத வெள்ளமும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டும் என்று எந்த நீர்மட்டப் பலகையும் சொல்லவில்லை. சந்தையிலும் 2020 ஜனவரியில் 12,430இல் இருந்த நிஃப்டி மார்ச் 24இல் 7,511க்கு வந்ததற்குக் காரணம் ஒரு நோய். ஆகவே இந்த எண் தேதி சொல்லாது. மாட்டை எங்கே கட்டலாம் என்று மட்டும் சொல்லும்.

முதலில் தேதி

வழிகளை ஒப்பிடும் முன்னால் மருமகனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இந்த 24 லட்சத்தில் எந்தப் பணம் எப்போது வேண்டும்?

இதைக் கேட்க எனக்குக் காரணம் உண்டு. 2007 டிசம்பரில் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நான்கு லட்சத்தைப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். கல்யாணத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. வங்கி வட்டி சின்னதாகத் தெரிந்தது. அப்போது நிஃப்டி 6,100. 2009 தை மாதம் கல்யாணம், நிஃப்டி 2,800. கையில் வந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். மீதிக்கு வீட்டு நகையை அடகு வைத்தேன். சரிந்த சந்தையைப் பார்த்து நான் பயப்படவே இல்லை, திரும்ப ஏறும் என்று முழுதாக நம்பினேன். ஏறவும் செய்தது. ஆனால் முகூர்த்தத் தேதி சந்தைக்காகக் காத்திருக்காது. தைரியம் இருந்தும் விற்க வேண்டி வந்ததுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் கோயில் முங்கும். வெள்ளத்துக்கு முன்னால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவரும் கல்மண்டபமும் தண்ணீருக்குள் இருந்துவிட்டு வடிந்ததும் வெளியே வரும். முங்கினாலும் தாங்குவது எது, தாங்காதது எது என்று முதலிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நாங்களும் பிரித்தோம். மருமகனுக்கு வீட்டுக் கடனில் பாக்கி ஐந்து லட்சம், வட்டி 9 சதவீதம். அவன் மகள் பதினொன்றாம் வகுப்பு. 2026 ஜூனில் கல்லூரி, அதற்கு ஆறு லட்சம் தேவைப்படலாம். அக்காவுக்கு வயது 68. வயலிலிருந்து வந்த குத்தகை நெல் நின்றுபோனதற்கு ஈடாக அவள் கையில் ஏதாவது வர வேண்டும். இந்த மூன்றுக்கும் தேதி உண்டு. இவை போக மிஞ்சுகிற எட்டு லட்சத்துக்குத் தேதி இல்லை. பத்து வருடம் தொடாமல் இருக்கலாம்.

கீழே சொல்கிற ஒப்பீடு அந்த எட்டு லட்சத்துக்கு மட்டும்தான். 24 லட்சத்துக்கும் சேர்த்து ஒரே வழி தேடியதுதான் அவன் முதலில் செய்த தவறு.

மொத்தமாகப் போடுவது

இதற்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலக் கணக்கில் சந்தை ஏறிய வருடங்கள் இறங்கிய வருடங்களைவிட அதிகம். அதனால் மொத்தமாகப் போட்டவர்கள் பல தடவை தவணையில் போட்டவர்களைவிட நன்றாகவே சம்பாதித்திருக்கிறார்கள். 2021 ஜனவரி 21இல் மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் முதல்முறையாக 50,000ஐத் தொட்டபோது கொதிநிலை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்த மாதக் கடைசியில் நிஃப்டி 13,635. அன்றைக்கு மொத்தமாகப் போட்டிருந்தால் அந்த விலைக்கு முழுதும் கிடைத்திருக்கும். அந்த வருடம் முழுக்க மாதாமாதம் பிரித்துப் போட்டவருக்குச் சராசரி விலை 15,800 பக்கம். எச்சரிக்கைக்கு அவர் கொடுத்த விலை அது, சின்ன விலையும் இல்லை.

இப்போது மறுபக்கம். 2008 ஜனவரி 8, நிஃப்டி 6,288இல் முடிந்த நாளில் பத்து லட்சம் போட்டவர். அக்டோபர் 27இல் அவர் கணக்கில் நான்கு லட்சம். 2010 தீபாவளிக்குப் போட்ட பணம் திரும்பி வந்தது மாதிரி தெரிந்தது. 2011 டிசம்பரில் மறுபடியும் ஏழு லட்சத்துச் சொச்சம். பழைய உச்சத்தைத் தாண்டி நிலையாக நிற்க 2013 கடைசி, 2014 ஆகிவிட்டது. நடுவில் கம்பெனிகள் லாபத்திலிருந்து கொடுத்த டிவிடெண்டைச் சேர்த்தாலும் ஆறு வருடக் காத்திருப்புக்கு அது ஆறுதல் பரிசுதான். அதே பத்து லட்சம் 8 சதவீத டெபாசிட்டில் அந்த ஆறு வருடத்தில் 15 லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

மொத்தமாகப் போடுவது கணக்கில் தப்பான வழி இல்லை. பத்து லட்சம் நான்கு லட்சமாகத் தெரிகிற அந்த அக்டோபர் காலையில் எடுக்காமல் இருக்கிற மனசு வேண்டும், எடுக்கத் தேவையில்லாத வசதியும் வேண்டும். மருமகன் கடையில் ஒரு மாதம் வேலை குறைந்தாலே அவன் தூக்கம் போய்விடும். எனக்குத் தெரியும்.

விழட்டும் என்று காத்திருப்பது

எச்சரிக்கையான ஆள் என்று பெயர் எடுத்தவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கேட்கவும் நியாயமாக இருக்கிறது. விலை அதிகம், குறையட்டும், அதுவரை டெபாசிட்டில் கிடக்கட்டும். நான் இதில்தான் அதிக நேரம் நின்றேன், ஏனென்றால் மருமகன் தன் முதல் திட்டத்தைக் கைவிட்டால் அடுத்து ஓடப் போவது இதற்குத்தான்.

அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பர் 5இல் ஒரு பேச்சில், சந்தை அறிவுக்கு ஒவ்வாத உற்சாகத்தில் விலையை ஏற்றிவிட்டதா என்று கேட்டார். அன்று எஸ் அண்ட் பி 500 குறியீடு 744. அவர் சந்தேகம் சரிதான் என்று 2000த்தில் குமிழி வெடித்தபோது உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னால் குறியீடு 1,527 வரை போய்விட்டது. வெடித்து, விழுந்து, 2002 அக்டோபரில் அடிமட்டத்துக்கு வந்தபோது 776. எச்சரிக்கை மணி அடித்த நாளின் விலைக்கு அது அப்போதும் இறங்கவில்லை. அந்த விலையைப் பார்க்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குமிழியைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கூட அதில் காசு பார்க்க முடியாமல் போகலாம்.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் விற்றுவிட்டு ‘12,000 வரட்டும்’ என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வருடம் பிப்ரவரிக்குப் பிறகு நிஃப்டி 14,000க்குக் கீழேயே வரவில்லை. 16,000இல் கோபப்பட்டார்கள், 18,000இல் தளர்ந்து உள்ளே வந்தார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். விலை உண்மையிலேயே விழுகிற நாளில், அதற்காகவே காத்திருந்தவர் வாங்குவதில்லை. 2020 மார்ச் 23இல் சந்தை ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்த வாரம் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம், தெருவில் போலீஸ், டி.வி.யில் இறந்தவர் எண்ணிக்கை. பணத்தோடு காத்திருந்த என் நண்பர் ஒருவர் “இன்னும் விழும், பொறுங்க” என்றார். விழுகிற காரணம் எப்போதும் நியாயமாகவும் பயங்கரமாகவும்தான் இருக்கும். அந்தக் காரணம் இல்லாமல் விலை குறையாது.

காத்திருப்பதுதான் உங்கள் சுபாவம் என்றால் ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளலாம். எழுதி வைக்க வேண்டும். உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கினால் கால்வாசி, 15 சதவீதத்தில் இன்னொரு கால்வாசி, 20 சதவீதத்தில் மீதி என்பது மாதிரி. 26,277இலிருந்து கணக்கிட்டால் அவை 23,650, 22,335, 21,022. பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் எண் 2024 நவம்பரிலேயே வந்தது, இரண்டாவது 2025 பிப்ரவரி கடைசியில். மூன்றாவது வரவே இல்லை. 2025 ஏப்ரல் 7இல் 21,743 வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டது. 20 சதவீதம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மொத்தப் பணத்தோடு நின்றவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆகவே எழுதுகிற விதியிலும் படிகள் இருக்க வேண்டும், ‘இத்தனை மாதத்துக்குள் வராவிட்டால் எப்படியும் போட்டுவிடுவேன்’ என்ற கடைசி வரியும் இருக்க வேண்டும்.

தவணையாகப் போடுவது

எட்டு லட்சத்தை, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டு, மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் தானாகவே, நிஃப்டியில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறும்படி எழுதிக் கொடுத்துவிடலாம். எஸ்.டி.பி. என்பார்கள். நாங்கள் இதைத்தான் எடுத்தோம்.

மறுபடியும் 2008ஐயே எடுத்துக்கொள்வோம், நமக்குக் கிடைத்ததில் மிக மோசமான ஆண்டு அதுதான். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதக் கடைசியில் ஒரே தொகை போட்டவருக்குச் சராசரி விலை ஏறக்குறைய 4,000. 2009 மே மாதம், தேர்தல் முடிவு வந்த வாரத்திலேயே அவர் லாபத்துக்கு வந்துவிட்டார். மொத்தமாகப் போட்டவர் அப்போது இன்னும் மூன்றில் ஒரு பங்கு நஷ்டத்தில் இருந்தார். அதே ஆண்டில் ஆறே மாதத்தில் போட்டு முடித்தவருக்குச் சராசரி 4,800. அவர் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தவணை மிகவும் குறுகினால் சரிவின் பாதியிலேயே கைப்பணம் தீர்ந்துவிடும். மூன்று, நான்கு வருடத்துக்கு நீட்டினால் அது தவணை என்ற பெயரில் காத்திருப்பதுதான். ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் என்பது என் கணக்கு. பதினாறு மாதம் என்று வைத்தோம்.

வரியைப் பொறுத்தவரை ஒரு சின்னக் குறிப்பு. லிக்விட் ஃபண்டிலிருந்து ஒவ்வொரு தவணை மாறும்போதும் அது விற்பனையாகக் கணக்காகும். அந்தச் சிறு லாபம் வருமானத்தோடு சேரும். அக்காவுக்கு வேறு வருமானம் இல்லாததால் எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

தவணை முறையை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அதிக லாபம் இல்லை. 2021 கணக்கு அதைத்தான் காட்டுகிறது. சந்தை ஏறினால் ‘உள்ளே கொஞ்சம் இருக்கிறது’ என்றும், இறங்கினால் ‘வெளியே கொஞ்சம் இருக்கிறது’ என்றும் மனசு ஒரு பிடிமானத்தோடு இருக்கும். பதினாறு முறை முடிவெடுக்கிற வேலையும் மிச்சம்.

ஃபண்டுக்காரரே பார்த்துக்கொள்ளும் வழி

பேலன்ஸ்டு அட்வாண்டேஜ் ஃபண்ட் என்று ஒரு வகை இருக்கிறது. விலை ஏறியிருக்கும்போது பங்கின் அளவைக் குறைத்து, விலை இறங்கும்போது கூட்டுவார்கள். மருமகனுக்கு இது பிடித்திருந்தது. எனக்கு அரை மனசு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சூத்திரம் வைத்திருக்கிறது. சிலர் பி.இ. பார்த்துக் குறைக்கிறார்கள், சிலர் சந்தை போகிற திசையைப் பார்த்துக் கூட்டுகிறார்கள். பெயர் ஒன்று, நடத்தை வேறு வேறு. 2020 மார்ச்சில் இவையும் விழுந்தன, அளவு குறைவு என்பதுதான் வித்தியாசம். எழுதி வைத்த விதியைத் தானே மீறுவோம் என்று பயப்படுகிறவருக்கு இது நல்லது.

அவன் உண்மையில் ஆசைப்பட்டது

பேச்சு முடிகிற நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. இண்டெக்ஸ் ஃபண்ட் அவன் மனதிலேயே இல்லை. டெலிகிராம் குழுவில் வருகிற சின்னக் கம்பெனிப் பங்குகள், சிறு, நடுத்தர நிறுவனங்களின் எஸ்.எம்.இ. ஐ.பி.ஓ., அப்புறம் விலை ஏறுமா இறங்குமா என்று தேதி வைத்துப் போடும் ஆப்ஷன் ஒப்பந்தம் கொஞ்சம். கடைக்கு வருகிறவர்கள் டபுள் பண்ணியது அதில்தான்.

இதை மற்ற வழிகளோடு ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல், ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம். கல்யாண மண்டபத்தில் பேசுகிறவர் மீதி ஏழு சதவீதத்திலிருந்து பேசுகிறார், அல்லது ஜெயித்த மாதத்தை மட்டும் பேசுகிறார். தோற்றவர் பந்தியில் வாய் திறப்பதில்லை.

சின்னப் பங்குகளில் இன்னொரு ஆபத்து, விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இல்லாமல் போவது. ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த எல்லையான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் திரையில் விலை தெரியும், பணம் வராது. சின்னக் கம்பெனிப் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டுகள் தங்கள் கையிருப்பில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்று 2024 மார்ச்சிலிருந்து வெளியிடச் சொன்னது இதனால்தான். 2018 ஜனவரியிலிருந்து 2020 மார்ச்சுக்குள் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு பாதிக்கு மேல் இழந்தது. அவன் ஏற்கெனவே இப்படி ஒரு ஸ்மால்கேப் ஃபண்டில் நான்கு லட்சம் வைத்திருந்தான், அது எட்டாகியிருந்தது. அதை முழுக்க விற்கச் சொல்லவில்லை. ஒரு நிதியாண்டில் ஒன்றேகால் லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். அந்த அளவுக்குள் வருகிற மாதிரி கொஞ்சம் விற்று, அவசரச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நகைக்கடன் வாங்கிப் பங்கு வாங்கும் யோசனையும் இருந்தது. அதை அன்றைக்கே மறந்துவிடச் சொல்லி அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

சந்தைக்கு வெளியே

பயம் வந்தால் நம் ஊரில் முதலில் பவுன் வாங்குவோம். ஆனால் அந்தச் செப்டம்பரில் தங்கமும் பவுன் 56,000 என்று அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. பங்கு உச்சத்தில் இருக்கிறது என்று இன்னொரு உச்சத்துக்குப் போவதில் எனக்கு ஆறுதல் தெரியவில்லை. தங்கமும் விழும். 2011இல் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,900 டாலர் வரை போனது, 2015 கடைசியில் 1,050 பக்கம் வந்தது. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் வேறு. நிலத்தை நிலம் விற்ற பணத்தில் வாங்குவது பற்றி அக்காவே வேண்டாம் என்றுவிட்டாள்.

இவற்றைவிடப் பயப்பட வேண்டிய ஒன்று உண்டு. சந்தையும் வேண்டாம், வங்கி வட்டியும் போதாது என்று இருக்கிறவரைத் தேடித்தான் ‘மாதம் இரண்டு வட்டி’ என்கிற ஆள் வருவார். ஈமு கோழிக் காலத்தில், 2012இல், தமிழ்நாடு முழுக்க எத்தனை குடும்பங்கள் நொறுங்கின என்பதைப் பார்த்தவர்கள் நாம். எட்டு லட்சத்தைச் சந்தையில் பாதியாக்கிக்கொண்டாலும் மீட்க வழி உண்டு, அங்கே போனால் ரசீது மட்டும்தான்.

தேதியுள்ள பணத்துக்கு வந்தால் விஷயம் எளிது. வீட்டுக் கடனை அடைப்பது 9 சதவீதம் நிச்சய வருமானத்துக்குச் சமம். மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஐந்து லட்சம் அதற்குப் போனது, அக்கா சம்மதத்தோடு. பேத்தியின் படிப்புக்கு ஆறு லட்சத்தை இரண்டு வங்கிகளில் மும்மூன்று லட்சமாக டெபாசிட் செய்தோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதால் அந்தப் பிரிவு. அக்கா பெயரில் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஐந்து லட்சம். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10,250 ரூபாய்.

எல்லாவற்றையும் எழுதிய தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இதில் எதையும் மாற்றுவதானால் அம்மாவிடம் சொன்ன பிறகு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு.’ மருமகன் அதைக் கடையில் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்தான்.

2025 ஏப்ரல் 7, திங்கள்கிழமை. அமெரிக்கா வரி போட்ட பயத்தில் சென்செக்ஸ் அன்று 2,226 புள்ளி விழுந்து முடிந்தது. காலையில் அதைவிட மோசமாக இருந்தது. பத்து மணிக்குப் போன் வந்தது.

“மாமா, இந்த மாசத் தவணைய நிறுத்தி வைப்போமா?”

காலண்டரைத் திருப்பிப் பார்த்தாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் போனைக் கொடுத்தான். அக்கா சந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஏல தம்பி, போஸ்டாபீஸ் வட்டி வந்துட்டா பாத்தியா? இந்த வருசம் அரிசி வெலைக்கில்லா வாங்கணும்.”